யாருடைய பதினொரு மணி

போசித்தோ என்ற ஊரில் முட்டை வாங்கப் போனாலும் சரி, சாவு வீட்டில் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று விசாரித்தாலும் சரி, பதிலுக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கும்: "சாமி நேரமா, சர்க்கார் நேரமா?"

ஏப்ரல் மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள், அக்டோபர் கடைசியில் பழையபடி பின்னால் இழுங்கள், கரண்டு மிச்சமாகும் என்று மெக்சிகோ சிட்டியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் சொல்லி இது மூன்றாம் வருஷம். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்கள். இங்கே ஊர் இரண்டாகிவிட்டது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, டவுன் பஸ் எல்லாம் சர்க்கார் நேரம். கோயில், வயல், மாவு மில் எல்லாம் பழைய நேரம், அதாவது சாமி நேரம். சர்க்காருக்கு ஒன்பது அடிக்கும்போது சாமிக்கு எட்டுதான் ஆகியிருக்கும். புருஷன் காட்டு வேலைக்கும் பெண்டாட்டி ஆஸ்பத்திரி கூட்டிப் பெருக்கவும் போகிற வீடாக இருந்துவிட்டால் போச்சு, மத்தியானச் சாப்பாட்டை இரண்டு தடவை சூடு பண்ண வேண்டும்.

சாமி நேரத்துக்கு அந்த ஊரில் பாதிரியாரைவிடப் பெரிய காவல்காரி எர்மிலா. ஊரின் ஒரே மாவு மில் அவளுடையது, வீடும் அதை ஒட்டியே. பெண்கள் முந்தின ராத்திரியே சுண்ணாம்பு போட்டு வேகவைத்த மக்காச்சோளத்தை வாளியில் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். அவள் கல்லில் கொட்டி அரைத்துக் கொடுப்பாள். அதைக் கொண்டுபோய் ரொட்டி தட்டினால்தான் எந்த வீட்டிலும் பசியாறும். விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் சுவிட்சைப் போட்டால் மோட்டார் சத்தம் மேட்டுத் தெரு, பள்ளத் தெரு, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறை வரைக்கும் கேட்கும். கல்லறையில் இருப்பவர்கள்கூட அதைக் கேட்டுத்தான் புரண்டு படுக்கிறார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கையில் கடிகாரம் கட்டியவர்கள்கூட அந்தச் சத்தத்தை வைத்து முள்ளைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

அந்தப் பெருமை அவளுக்குச் சும்மா வந்ததில்லை. கல்யாணமான நாலாம் வருஷம் அவள் புருஷன் கௌதென்சியோ காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அப்போது மகன் எலிசேயோ நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். மில்லை விற்றுவிட்டுத் தாய் வீட்டுக்குப் போ என்று சொல்லாத ஆள் இல்லை. அவள் போகவில்லை. தேய்ந்த கல்லை உளி வைத்துக் கொத்தக் கற்றுக்கொண்டாள், அறுந்த பெல்ட்டைத் தைக்கக் கற்றுக்கொண்டாள், வரிசையில் குறுக்கே புகுந்தவளைத் திட்டவும் கற்றுக்கொண்டாள். இதில் மூன்றாவதுதான் அவளுக்கு நன்றாக வந்தது. சுண்ணாம்பில் முழங்கை வரை வெளுத்துப்போன கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்றால், ஊர்த் தலைவரே தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார்.

கௌதென்சியோ அவளுக்கு விட்டுப்போனவை இரண்டு. ஒன்று மில். இன்னொன்று, திருவிழாச் சந்தையில் அவன் வாங்கிவந்த சுவர்க் கடிகாரம். அதன் நடுவில் மாதா படம் இருக்கும், முள் மாதாவின் நெஞ்சிலிருந்து கிளம்பும். புது நேரம் வந்த அன்று ஊர் ஒலிபெருக்கி எல்லோரையும் கடிகாரத்தைத் திருப்பச் சொன்னபோது எர்மிலா அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாதா நெஞ்சுல கை வெக்கச் சொல்றானுங்க பாரு, வெக்கங்கெட்டவனுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த வாளியை வாங்கினாள்.

அதே வாரம் அபுந்தியோ வந்தார். அவர் பள்ளிக்கூடத்துக் காவலாளி. பள்ளிக்கூட வளாகத்திலேயே ஓரமாக அவருக்கு வீடு. மனைவி இறந்தவர். இஸ்திரி போட்ட சட்டை போடாமல் தெருவில் இறங்கமாட்டார். பள்ளிக்கூட மணியை அவர்தான் அடிப்பார். சர்க்கார் நேரத்தை அவரே பெற்று வளர்த்ததுபோல அவ்வளவு கவனமாக அடிப்பார்.

"எர்மிலாம்மா, பசங்க சர்க்கார் எட்டு மணிக்கு ஸ்கூலுக்கு வரணும். நீங்க மில்ல ஒரு மணி நேரம் முன்னாடி போட்டீங்கன்னா சூடா ரெண்டு ரொட்டி தின்னுட்டு வரும். இப்ப நேத்து சுட்டதக் கடிச்சுக்கிட்டு வருதுங்க."

"மில்லு சாமி நேரத்துக்குத்தான் ஓடும் அண்ணே. நீங்க வேணா உங்க மணிய ஒரு மணி நேரம் பொறுத்து அடிங்களேன்."

"அது என் கையிலயா இருக்கு? மேலேருந்து உத்தரவு."

"எனக்கும் மேலேருந்துதான் உத்தரவு. உங்களுக்கு வந்ததுக்கும் இன்னும் கொஞ்சம் மேலேருந்து."

வரிசை முழுக்கச் சிரித்தது. அபுந்தியோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சூரியனே இந்தம்மா மோட்டார்லேருந்துதான் கெளம்புதுன்னு நெனப்பு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அதற்கும் சிலர் சிரித்தார்கள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. எதிரில் வந்தால் அவர் வானத்தைப் பார்ப்பார், அவள் தரையைப் பார்ப்பாள். குழந்தைகள் விஷயத்தில் அவர் சொன்னது நியாயம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வரிசையே பார்த்துச் சிரித்த பிறகு எப்படி இறங்கி வருவது? வீம்பு என்பது ஏறும்போது சுகமாகத்தான் இருக்கும்.

அபுந்தியோ வீட்டு வாளியை அதன் பிறகு அவர் மகள் நொயெமி கொண்டுவந்தாள். வாய் திறக்காமல் வரிசையில் நின்று, வாய் திறக்காமல் மாவை வாங்கிக்கொண்டு போவாள். மில்லில் பெல்ட் மாட்டவும் எண்ணெய் விடவும் இருந்த எலிசேயோவும் வாய் திறக்காதவன்தான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இப்படி வாயே திறக்காத இரண்டு பேர் எப்போது எதைப் பேசி முடித்தார்கள் என்று எர்மிலாவுக்கு இன்றுவரை புரியவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது அவன் சொன்னான். "அம்மா, நொயெமியக் கேக்கப் போகணும்."

ஊரில் நொயெமி ஒருத்திதான். இருந்தாலும் எர்மிலா கேட்டாள். "எந்த நொயெமி?"

"மணியடிக்கிறவர் பொண்ணு."

அவள் ரொட்டியைப் பிய்த்து அவரைக்குழம்பில் தோய்த்தாள். வாயில் வைக்கவில்லை. "இந்த ஊர்ல வேற பொண்ணே இல்லையாடா?"

"இல்லம்மா."

அவனே மேலே சொன்னான். "அவ அத்தை பூயெப்லாவுக்குக் கூப்பிடுறாங்க. தையல் கம்பெனி வேலை. மாசக் கடைசில போறா. ஒரு வழி ஆகலன்னா நானும் அங்கயே போயிருவேம்மா. சொல்லாமப் போக மாட்டேன். அதான் இப்பச் சொல்றேன்."

அவன் அப்படித்தான். மிரட்டத் தெரியாது. சொன்னால் செய்துவிடுவான். எர்மிலாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. யாருக்காகக் கல்லைக் கொத்தினாளோ அவனே பஸ் ஏறிப் போய்விட்டால் அந்த மோட்டாரை எதற்குப் போட வேண்டும்? மறுநாளே சிரீலோவைத் தேடிப் போனாள்.

பெண் கேட்கப் போகும்போது முன்னால் நின்று பேசுவதற்கு ஊரில் பழக்கமான ஆள் சிரீலோதான். பூவைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில்தான் பெண் விஷயத்துக்கு வருவார். அவர் அபுந்தியோ வீட்டுக்குப் போய்விட்டு வந்து, "ஞாயித்துக்கிழம பதினோரு மணிக்கு வரச் சொல்லிட்டாரு," என்றார்.

எர்மிலா வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். முட்டைக்குக்கூடக் கேட்கிற கேள்விதான். ஆனால் மூன்று வருஷப் பகையே அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது. இப்போது போய் அதைக் கேட்டால், வாசலில் கால் வைக்கும் முன்னாலேயே சண்டைக்கு இழுத்ததுபோல ஆகிவிடும். சிரீலோவும் அதையே நினைத்துத்தான் அங்கே கேட்காமல் வந்திருந்தார். ஆக, ஊரே நாள் முழுக்கக் கேட்கும் கேள்வியை அன்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்கத் தேவையுமில்லை என்று எர்மிலா நினைத்தாள். பள்ளிக்கூடத்து வீடு. மணியடிக்கிற மனிதர். அவர் பதினொன்று என்றால் அது சர்க்கார் பதினொன்றுதான். சாமி நேரப்படி பத்து மணி. பெண் கேட்டுப் போகிறவள் குனிந்துதான் போக வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் எலிசேயோ வெளியே போயிருந்தபோது முக்காலியைப் போட்டு ஏறினாள். "ஒரு நாளைக்குத்தான் தாயே. பையனுக்காக," என்று மாதாவிடம் சொல்லிவிட்டு, மூன்று வருஷமாகத் தொடாத முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினாள். அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் நகர்ந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

தோமித்திலாவிடம் போய்ச் சொன்னாள். தோமித்திலா பக்கத்து வீட்டுக்காரி, எலிசேயோவுக்கு ஞானஸ்நானத் தாய். "நாளைக்கு எல்லாரும் பத்தரைக்கு எங்க வீட்டுல இருக்கணும்."

"சாமி பத்தரைதான?"

"சர்க்கார்."

தோமித்திலா பேசாமல் வந்து எர்மிலாவின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையேடி."

"வாய மூடிக்கிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை மில்லைச் சீக்கிரமே நிறுத்திவிட்டுக் கிளம்பினார்கள். முன்னால் சிரீலோ மெழுகுவத்திக் கட்டோடு. பின்னால் தலையில் ரொட்டிக் கூடையோடு தோமித்திலா, சாக்லேட்டுக் கூடையோடு எர்மிலாவின் தங்கை, சிவப்பு ரிப்பன் கட்டிய வான்கோழி இரண்டைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரப் பையன்கள். கடைசியில் எர்மிலா. கல்யாணத்துக்கு எடுத்த ரெபோஸோ துப்பட்டாவைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போர்த்தியிருந்தாள். மாப்பிள்ளை உடன் போகிற வழக்கம் இல்லை. எலிசேயோ மில் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பெண் கேட்டுப் போகிறவர்களிடம் பதில் கிடைக்கும்வரை வழியில் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் காரியம் கெடும். அதனால் தெருவில் எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் பேசவில்லை. அபுந்தியோ வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சிரீலோ தொண்டையைச் செருமிக்கொண்டு தட்டினார். உள்ளே நாய் குரைத்தது. பொறுத்திருந்து இரண்டாம் தடவை தட்டினார். வான்கோழி ஒன்று கத்தியது. எதிர்வீட்டு எதுவிஹெஸ் சன்னலைத் திறந்து பார்த்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மூடிவிட்டாள். நல்ல மனுஷி, வழக்கத்தை மீறாதவள். அந்த நேரத்தில் மீறியிருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும்.

"கூடையக் கீழ வெக்கலாமாடி? கை விட்டுப் போகுது," என்றாள் தோமித்திலா.

"வெக்காத."

கூடை உள்ளே போய்த்தான் தரையைத் தொட வேண்டும். சாத்திய கதவுக்கு முன்னால் தெருவில் இறக்கினால் அதைவிட அவமானம் வேறில்லை. சிரீலோ மூன்றாம் தடவை தட்டினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் திரும்பி எர்மிலாவைப் பார்த்தார். மூன்று தடவை தட்டியும் கதவு திறக்காவிட்டால் பெண் கொடுக்க இஷ்டமில்லை என்று அர்த்தம். அந்த வருஷம் மறுபடி அங்கே போய்க் கேட்கக் கூடாது.

திரும்பி நடக்கும்போதுதான் போசித்தோவின் தெருக்கள் எவ்வளவு நீளம் என்று எர்மிலாவுக்குத் தெரிந்தது. மில் வாசலில் எலிசேயோ எழுந்து நின்றான். நிறைந்த கூடைகளைப் பார்த்தான்.  பையன்களிடமிருந்து வான்கோழிகளை வாங்கி, கழுத்து ரிப்பனை அவிழ்த்து, கொல்லையில் விட்டான். ரிப்பனைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவன் கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

சாயங்காலம் தோமித்திலா செய்தியோடு வந்தாள். "கேட்டியா, நாம திரும்பி வந்தப்புறம் கதவத் தெறந்து வெச்சிருக்காங்க. மோலே கொழம்பு கொதிக்குது, மெழுகுவத்தி ஏத்தி வெச்சிருக்கு, சொந்தக்காரங்க எல்லாம் வரிசையா நாற்காலியில. ரெண்டு மணி வரைக்கும் காத்திருந்தாங்களாம்."

"நாம கெளம்பினப்புறம் தெறக்குறதுக்குப் பேரு என்ன? நாங்க தெறந்துதான் வெச்சிருந்தோம், அவங்கதான் வரலன்னு ஊருக்குச் சொல்லத்தான. பெரிய மூளை."

"எதுவிஹெஸ் நடந்ததச் சொல்லி, சர்க்கார் நேரம்னு நெனச்சு வந்திருப்பாங்கன்னாளாம். அதுக்கு அவரு, மூணு வருஷமா ஆஸ்பத்திரிக்குக்கூட சர்க்கார் நேரத்துக்குப் போகாதவ, என் வீட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னாடி வருவாளாக்கும்? கதவு சாத்தியிருக்குற நேரமாப் பாத்து வந்து தட்டிட்டுப் போயிருக்கா, பழிய நம்ம தலையில போடன்னு சொன்னாராம்."

எர்மிலாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மாதாவின் நெஞ்சில் கை வைத்துத் திருப்பியவளுக்கு இந்தப் பேச்சு. அபுந்தியோவைப் பற்றி எதைச் சொன்னாலும் அவள் நம்பியிருப்பாள், அவர் விட்டுக்கொடுத்தார் என்பதைத் தவிர. அவரும் அப்படித்தான்.

இருட்டிய பிறகு எலிசேயோ பள்ளிக்கூடம் வரை போய்வந்தான். கேட்டில் தாழ் போட்டிருந்தது, விளக்கு இல்லை. வந்து, "தகரப் பெட்டி எங்கம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டான். அவள் கட்டிலுக்கு அடியைக் காட்டினாள். அவன் அதை இழுத்துக் கொண்டுபோய்த் திண்ணை மேல் வைத்தான். வேறென்ன செய்வாள்.

அன்று ராத்திரி அவள் கண் மூடவில்லை. மற்ற நாட்களில் எழுந்திருக்க அவளுக்குக் கடிகாரமே வேண்டாம், கண் தானாகத் திறக்கும். அன்று விழித்தே கிடந்ததால் எது எந்த நேரம் என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்தாள். ஐந்தாகப் போகிறது. எழுந்து முகம் கழுவி, மில்லைத் திறந்து சுவிட்சைப் போட்டாள். அந்த இரைச்சல் நல்லதாய்ப் போயிற்று, மனசுக்குள் ஓடிய பேச்செல்லாம் அதில் அமுங்கிவிட்டது.

வெகு நேரம் ஒருவரும் வரவில்லை. பிறகு ஒவ்வொருத்தியாக, சீவாத தலையும் தூக்கக் கண்ணுமாக, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். தோமித்திலா செருப்பைக்கூட மாற்றிப் போட்டிருந்தாள்.

"நாங்கதான் அசந்து தூங்கிட்டமோன்னு பதறியடிச்சு வர்றோம். வெளிய பாத்தா கும்மிருட்டு. சேவல்கூடக் கூவல. என்னடி நேரம் இது?"

"அஞ்சு."

"யாரோட அஞ்சு?"

எர்மிலா பதில் சொல்ல வாயெடுத்தாள். வாசலுக்கு வெளியே பார்த்தாள். கிழக்கே ஒரு கீற்று வெளிச்சம் இல்லை. அப்போதுதான் முக்காலி ஞாபகம் வந்தது. திருப்பி வைக்கவே இல்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் மில் சர்க்கார் நேரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, வந்தது வந்துட்டீங்க. வாளியக் குடுங்க," என்றாள். ஊரையே ஒரு மணி நேரம் முன்னால் எழுப்பிவிட்ட வெட்கத்தில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வரிசையில் யாரோ, "இதுவும் நல்லதுக்குத்தான், இன்னிக்காச்சும் பிள்ளைங்க சூடாத் தின்னுட்டு ஸ்கூலுக்குப் போகும்," என்று சொன்னது காதில் விழுந்தது. அவள் அடுத்த வாளியைக் கல்லில் கொட்டினாள்.

திடீரென்று வரிசையில் பேச்சு நின்றது. எர்மிலா நிமிர்ந்தாள். வரிசையின் கடைசியில் அபுந்தியோ நின்றுகொண்டிருந்தார். கையில் வாளி. அந்த மில்லில் ஆண்பிள்ளை எவனும் வாளியோடு வந்து நின்றதில்லை. பெண்டாட்டி பிரசவத்தில் கிடந்தாலும் பக்கத்து வீட்டுக்காரியிடம்தான் கொடுத்தனுப்புவார்கள். இவர் தனியாக, இஸ்திரி போட்ட சட்டையில், பெண்களுக்குப் பின்னால் நின்றார். முன்னால் நின்றவள் விலகி வழி விட்டாள். அவர் போகவில்லை. தம் முறை வரும்வரை நின்றார்.

வாளியை நீட்டினார். எர்மிலா வாங்கவில்லை. கையை நீட்டி மோட்டாரை நிறுத்தினாள்.

"என் கெடியாரத்துல அஞ்சு அடிச்சப்ப உங்க மில்லுச் சத்தம் கேட்டுது," என்றார்.

"தப்பாப் போட்டுட்டேன். முள்ளத் திருப்பி வெக்க மறந்துட்டேன்."

"எப்பத் திருப்புனீங்க?"

"சனிக்கிழம."

"எதுக்கு?"

"எதுக்கா? உங்க வீட்டுக்கு வர்றதுக்குத்தான். ஸ்கூல் வீடு, மணியடிக்கிறவரு வீடு, அங்க சர்க்கார் நேரந்தான இருக்கும்னு. மாதாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு, முக்காலி போட்டு ஏறி..." அவள் வெளுத்த கையால் கண்ணைத் துடைத்ததில் சுண்ணாம்பு பட்டு இன்னும் எரிந்தது.

அபுந்தியோ வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "வாயால யாரு வேணா என்ன வேணா சொல்லலாம். சர்க்கார் நேரம்னு நெனச்சுத்தான் வந்தீங்கன்னு எதுவிஹெஸ் சொன்னப்ப நான் நம்பல. ஆனா தூக்கம் கெட்டு மில்லத் தப்பாப் போடுறது நடிப்பு இல்ல. சத்தம் கேட்டதும் எனக்கு வெளங்கிருச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? எங்க வீட்டுல எல்லாரையும் நிக்க வெச்சு, எர்மிலாம்மாவுக்குப் பதினொண்ணுன்னா அது சாமி பதினொண்ணு, நமக்குப் பன்னெண்டு, அந்தம்மா வர்ற நேரத்துக்குக் கதவு தெறந்திருக்கணும்னு சொன்னேன். அதுக்கு முன்னாடி கல்லறைக்குப் போய் நொயெமி அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரலாம்னு எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போனேன். நீங்க தட்டினப்ப நாங்க அங்க பூ வெச்சுக்கிட்டிருந்தோம்."

 தோமித்திலாதான் வாயைத் திறந்தாள்.

"ரெண்டு பேருல ஒருத்தராச்சும் வீம்பா இருந்திருந்தா நேத்தே நிச்சயம் முடிஞ்சிருக்கும். ரெண்டு பேருமாச் சேந்து நல்லவங்களாகி எங்க கை ஒடிஞ்சதுதான் மிச்சம்."

வரிசை சிரித்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் சிரித்த அதே பெண்கள்தான். இந்தத் தடவை அபுந்தியோவும் சிரித்தார். பெல்ட்டுக்குப் பின்னால் எண்ணெய் டப்பாவோடு நின்ற எலிசேயோ மட்டும் சிரிக்கவில்லை.

"கதவு மூணு தடவ தட்டித் தெறக்கலியே. இந்த வருஷம் திரும்பக் கேக்கக் கூடாதே," என்றான். அன்றைய பத்து வார்த்தையும் அதிலேயே தீர்ந்தது.

சிரீலோவை எழுப்பிக் கூட்டிவந்தார்கள். அவர் போர்வையும் தானுமாக வந்து சோள மூட்டை மேல் உட்கார்ந்து, எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"பொண்ணு வீட்டுக்காரரு எந்த நேரத்த மனசுல வெச்சுப் பதினொண்ணுன்னு சொன்னாரு?"

"சாமி நேரந்தான்," என்றார் அபுந்தியோ. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்க ஊர் மூன்று வருஷம் காத்திருந்தது.

"அப்ப சாமி பதினொண்ணுக்குக் கதவு தெறந்துதான் இருந்துருக்கு. நாங்க தட்டுனது சாமி பத்து மணி. சொல்லாத நேரத்துல போய்த் தட்டுனது கேட்டதாக் கணக்கில்ல. கேக்காததுக்கு எங்கேருந்து இல்லன்னு பதில் வரும்? வர்ற ஞாயித்துக்கிழம போலாம்."

"எத்தன மணிக்கு?" என்று தோமித்திலா கேட்டாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மணி கிணியெல்லாம் வேணாம்," என்றார் அபுந்தியோ. "மில்லு நிக்கிறது எங்க வீட்டுக்குக் கேக்கும். நின்னதும் கெளம்பி வாங்க."

"நீங்க வீட்டுல இருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று எர்மிலா கேட்டாள்.

"தெரியும்," என்றார்.  அவள் அவர் வாளியை வாங்கிக் கல்லில் கொட்டி மோட்டாரைப் போட்டாள்.

அன்று மத்தியானம் முக்காலியில் ஏறி முள்ளில் கை வைத்தாள். எந்தப் பக்கம் திருப்புவது என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மாதாவின் முகத்தில் இருந்த தூசியை மட்டும் துடைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வரிசை சீக்கிரமே முடிந்தது. கடைசி வாளியை அரைத்துக் கொடுத்துவிட்டு எர்மிலா கல்லைக் கழுவினாள், கையைக் கழுவினாள், ரெபோஸோவைப் போர்த்திக்கொண்டாள். கூடைகள் தயார். தகரப் பெட்டி இன்னும் திண்ணை மேல்தான் இருந்தது. எலிசேயோ அதைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் வைக்கவில்லை. ரிப்பனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வான்கோழிகளுக்குக் கட்டிவிட்டு, வந்து மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றான்.  எர்மிலா சுவிட்சை அணைத்தாள்.

சத்தம் மெல்ல இறங்கி நின்றது. சிரீலோ மெழுகுவத்திக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். யாரும் நகரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாத்தியிருந்த கதவு எல்லோர் கண்ணிலும் நின்றது. எங்கோ ஒரு கழுதை கத்தியது, அதுவும் நின்றது.

அப்போது பள்ளிக்கூட மணி அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மணி அடித்து அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. எந்த நேரத்துக்கும் அது கணக்கில்லை. எர்மிலா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. எலிசேயோ குனிந்து தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கட்டிலுக்கு அடியில் அது உரசிப் போகும் சத்தம் கேட்டது.

"இது யாரோட நேரம்டி?" என்றாள் தோமித்திலா.

"கூடையத் தூக்கு," என்றாள் எர்மிலா. "நேரமாச்சு."